சட்டையைக் கழற்றத் தயங்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு 21 வயது. பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போதே பெண்களுக்கு இருப்பதுபோல மார்பு புடைக்க ஆரம்பித்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார் அம்மா, ஆகவில்லை. பள்ளியில் வைத்த பட்டப்பெயர் கல்லூரி விடுதி வரை வந்துவிட்டது. கத்திரி வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன் போட்டுக்கொள்கிறேன். குடும்பத்தோடு திருச்செந்தூர் போனபோது, சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று சன்னிதிக்குப் போகாமல் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜிம்முக்குப் போனதில் எடை குறைந்தது, மார்பு குறையவில்லை. ‘ஒரே நாளில், தழும்பே இல்லாமல்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். இந்த மாதமே முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம், மீதிக்குத் தவணையாம். மூன்று மாதத்தில் அக்கா கல்யாணம். அதற்குள் முடித்துவிட ஆசை. ‘ஆம்பிளைக்கு எதுக்குடா அழகு ஆபரேஷன்’ என்கிறார் அப்பா. செய்துகொள்ளலாமா டாக்டர்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல்

பதில்: தம்பி, உங்கள் அப்பாவுக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். இது சினிமாக்காரர்களைப் பார்த்து வந்த ஆசை அல்ல. ஆண்களுக்கு மார்பு பெருப்பதை அறுவை செய்து சரிசெய்யும் முறையை ஏழாம் நூற்றாண்டிலேயே ஏஜினா தீவைச் சேர்ந்த பவுலஸ் என்ற கிரேக்க மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்து ஆண்களுக்கும் இந்த வேதனை இருந்திருக்கிறது.

இதற்கு கைனகோமாஸ்டியா என்று பெயர். பருவ வயதில் ஹார்மோன்கள் ஏறி இறங்கும்போது, ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். அம்மா சொன்னது அதைத்தான். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 18 வயதைத் தாண்டியும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சுரப்பித் திசு நார்போல இறுகியிருக்கும். அது உடற்பயிற்சிக்கும் கரையாது, பட்டினிக்கும் கரையாது. எடை குறைந்தும் மார்பு குறையாததற்கு உங்கள் முயற்சி போதாததல்ல காரணம். தயவுசெய்து அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விடுங்கள்.

மல்லாந்து படுத்துக்கொண்டு, காம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்ல நெருக்கிப் பாருங்கள். காம்புக்கு நேர் கீழே தட்டையான கெட்டி வட்டு ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. எல்லாமே மெத்தென்று இருந்தால் பெரும்பகுதி கொழுப்பு. அதற்கு இன்னும் கொஞ்சம் எடை குறைத்துப் பார்க்க இடமிருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். அந்தக் கிளினிக்கில் இதை யாரும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை, அதுதான் எனக்குக் கவலை. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கல்லீரல் கோளாறு, சில மனநல மருந்துகள், மது, இவையெல்லாம் மார்பைப் பெரிதாக்கும். ஜிம்மில் யாராவது ஊசியோ, பெயர் தெரியாத மாத்திரையோ, பவுடரோ கொடுத்தார்களா? அதில் அனபாலிக் ஸ்டீராய்டு இருந்தால், அதன் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறிவிடும். அதை நிறுத்தாமல் அறுவை செய்தால், மிச்சமிருக்கும் திசு மறுபடி வளரலாம். எடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அரிதாக, விதைப்பையில் வரும் கட்டியோ, க்ளைன்ஃபெல்டர் என்ற பிறவிக் குரோமோசோம் மாற்றமோ மார்பில்தான் முதலில் தெரியவரும். அதனால் டாக்டர் விதைப்பையையும் சோதிக்க வேண்டும் என்பார். கூச்சப்படாதீர்கள். சோதிக்காமலே அறுவைக்குத் தேதி கொடுப்பவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கல்போலக் கெட்டியாக இருந்தாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தாலோ உடனே காட்டுங்கள்.

டமாக்சிஃபென் மாத்திரை பற்றியும் யாராவது சொல்லுவார்கள். வீக்கம் புதிதாக, தொட்டால் வலிக்கும் நிலையில் இருக்கும்போது அது ஓரளவு உதவும். இத்தனை வருடம் இறுகிப்போன திசுவுக்குப் பெரிய பலன் இராது. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

காரணம் எதுவும் இல்லை, இருப்பது சுரப்பிதான் என்று தெரிந்துவிட்டால், செய்துகொள்ளலாம் என்பதே என் பதில். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறிதாகக் கீறிச் சுரப்பியை எடுப்போம், சுற்றியுள்ள கொழுப்பை லைப்போசக்‌ஷனில் உறிஞ்சுவோம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. சிலர் அன்றே வீட்டுக்குப் போவதும் உண்மைதான். ஆனால் ‘தழும்பே இல்லாமல்’ என்பது பொய். தழும்பு இருக்கும், கருவட்ட ஓரத்தில் மறைந்து, ஒரு வருடத்தில் மங்கும். நெஞ்சுப் பகுதி கீலாய்டு எனப்படும் தடித்த தழும்பு வரக்கூடிய இடம். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காயம் ஆறிய இடம் புடைத்து நின்றிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதிகம் வரும் சிக்கல் உள்ளே ரத்தம் கட்டுவது. சில நேரம் அன்றிரவே திரும்ப அறுவை அரங்குக்குப் போக நேரும். காம்பு கொஞ்ச காலம் மரத்திருக்கலாம், அபூர்வமாக அப்படியே நின்றும்விடலாம். அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் காம்பு குழிந்துபோகும். அதைத் திரும்ப நிரப்புவது முதல் அறுவையைவிடக் கடினம்.

அதனால்தான் யார் செய்கிறார் என்பது முக்கியம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் யார், நள்ளிரவில் ரத்தம் கட்டினால் யார் வருவார் என்று நேருக்கு நேர் கேளுங்கள். 2022-ல் பெங்களூரில் கொழுப்பை அகற்றும் சிகிச்சைக்குப் போன 21 வயதுச் சின்னத்திரை நடிகை ஒருவர் இறந்துபோனார். உங்கள் வயதுதான். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நன்றாக விசாரித்த பிறகே போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தள்ளுபடிக்குக் கெடு வைக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். அழகு சிகிச்சை என்று முத்திரை விழுந்தால் காப்பீடு பெரும்பாலும் பணம் தராது. சென்னை ஸ்டான்லி, மதுரை போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவு இருக்கிறது. கடன் வாங்குமுன் அங்கே ஒருமுறை காட்டுங்கள்.

அறுவைக்குப் பின் மார்பு தட்டையாகும். பட்டப்பெயர் வைத்தவர்கள் மாறுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏழு வருடம் தோளைக் குறுக்கி நடந்த பழக்கமும் மறுநாளே போகாது. இப்போதே வாழ்க்கை வெறுத்துப்போகிறது என்றால் அறுவை வரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி மையத்துடன் இலவசமாகப் பேசலாம்.

அக்கா கல்யாணத்துக்குள் வேண்டாம். அறுவைக்குப் பின் நான்கிலிருந்து ஆறு வாரம் இறுக்கமான பிரஷர் உடை போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. கல்யாண வீட்டில் தம்பிக்கு அது நடக்கிற காரியமா? வீக்கம் வடிந்து உண்மையான வடிவம் தெரியவும் சில மாதங்கள் ஆகும். இப்போது ஹார்மோன், தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிந்து, கடைசிப் பரீட்சையும் எழுதிய பிறகு தேதி குறிக்கலாம். முதல் முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் அழைத்துப்போங்கள்.