வேலையில் மூழ்குவது எப்படி?

நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனாலும் உருப்படியாக எதையும் முடித்த நிறைவு இல்லை. இந்தச் சலிப்பு உங்களுக்கும் உண்டா? கோளாறு பெரும்பாலும் உங்களிடம் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அதை மாற்றலாம்.

நேரம் போவதே தெரியாமல் செய்யும் வேலையில் கரைந்துபோகும் நிலைக்கு 'ஃப்ளோ' என்று பெயரிட்டவர் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் எனப் பலரையும் ஆராய்ந்து 1975-ல் நூல் எழுதினார். பிறகு சிகாகோ பகுதி ஊழியர்களிடம் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்கிறார்கள், எப்படி உணர்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். 1989-ல் வெளியான முடிவு வியப்பானது: ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அவர்கள் இந்த நிலையை அதிகம் அடைந்திருந்தார்கள்.

காரணம், அதற்குத் தேவையான மூன்று நிபந்தனைகளும் வேலையில் அமைய வாய்ப்பு அதிகம்.

1. தெளிவான இலக்கு: 'அறிக்கை வேலையைப் பார்க்கணும்' என்பது இலக்கு ஆகாது. 'மதியத்துக்குள் செலவுக் கணக்குப் பகுதியை முடிப்பேன்' என்பதே இலக்கு.

2. உடனுக்குடன் தெரியும் பலன்: செய்தது சரியா என்பது ஆண்டு இறுதி மதிப்பீட்டில் தெரிந்து பயனில்லை. நிரல் எழுதுபவர் சிறு சிறு பகுதியாக ஓட்டிப் பார்க்கலாம். கணக்கர் ஒவ்வொரு பக்கத்தையும் அங்கேயே சரிபார்க்கலாம். மற்றவர்கள், தாங்கள் முடித்த பகுதிகளைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வரலாம்.

3. திறமைக்குச் சற்றே மேலான சவால்: வேலை எளிதென்றால் சலிப்பு, கைமீறினால் பதற்றம். சலித்தால், கெடுவைக் குறைத்துக்கொள்ளுங்கள் அல்லது புதிய முறையில் செய்து பாருங்கள். பதறினால், வேலையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். தெரிந்த மூத்தவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மூன்றும் அமைந்தாலும் குறுக்கீடு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பாதியில் விட்ட வேலையின்மீதே கவனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று மேலாண்மை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். எனவே கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். வாட்ஸ்ஆப் குழுக்களையும் மின்னஞ்சலையும் பார்க்கத் தனி நேரம் ஒதுக்குங்கள். எழுந்தே ஆகவேண்டுமென்றால், எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி குறித்துவிட்டு எழுங்கள். திரும்பி வந்ததும் தொடர்வது எளிது.

குழுவை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூட்டமும் அழைப்பும் இல்லாத இரண்டு மணி நேரத்தைத் தினமும் உங்கள் ஆட்களுக்குக் கொடுங்கள். அது சலுகை இல்லை; நல்ல வேலைக்கான அடிப்படைத் தேவை.

நாளைக் காலை ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, இந்த மூன்று நிபந்தனைகளையும் அதற்கு அமைத்துக்கொண்டு உட்காருங்கள்.