முதலில் முகவரி, பிறகு வீடு: ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஜெர்மனி வேலைக்கான ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது, விசாவும் கிடைத்துவிட்டது என்றால் அடுத்த கேள்வி, போய் இறங்கியதும் எங்கே தங்குவது என்பதுதான். பெர்லின், மியூனிக், ஃபிராங்ஃபர்ட், ஹாம்பர்க், ஷ்டுட்கார்ட் என்று வேலை அதிகம் கிடைக்கும் நகரங்கள் அனைத்திலும் வாடகை வீட்டுக்குக் கடும் போட்டி. நல்ல சம்பளம் இருந்தும் மாதக்கணக்கில் வீடு தேடுகிறவர்கள் அங்கே ஏராளம்.

இந்தியாவில் இருந்தபடியே நிலையான வீட்டைப் பிடித்துவிட முயல்வது பெரும்பாலும் வீண். ஆளை நேரில் பார்க்காமல் வீடு கொடுக்க உரிமையாளர்கள் விரும்புவதில்லை. எனவே தேடலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று முதல் ஆறு மாதம் தங்க ஒரு தற்காலிக இடம். அங்கே இருந்துகொண்டு நிலையான வீடு. தற்காலிக இடத்தின் அழகு, அளவு எல்லாம் இரண்டாம்பட்சம். அந்த முகவரியில் உங்களைப் பதிவு செய்ய முடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

எல்லாம் தொடங்குவது முகவரியில்

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். பதிவு முடிந்தபின் வரி அடையாள எண் தபாலில் வரும். அந்த எண் கம்பெனிக்குத் தேவை. அது தாமதமானால் சம்பளத்தில் வரி கூடுதலாகப் பிடிக்கப்படலாம். பல வங்கிகளில் கணக்குத் தொடங்கவும், வசிப்பிட அட்டை வாங்கவும் பதிவுச் சான்று கேட்பார்கள்.

பதிவுக்கு பாஸ்போர்ட் மட்டும் போதாது. 'இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். குறுகிய கால விடுதிகளும் சில உள்வாடகை அறைகளும் இதைத் தருவதில்லை. ஆகவே முன்பணம் அனுப்பும் முன்பு, 'பதிவுக்கான சான்று தருவீர்களா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு, தங்காத முகவரியில் பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அது சட்டவிரோதம்.

பதிவு அலுவலகத்தில் நேரம் கிடைப்பதும் எளிதல்ல. பெர்லின் போன்ற ஊர்களில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். தங்கும் இடம் உறுதியான அன்றே இணையத்தில் நேரம் எடுத்துவிடுங்கள். காலையில் ரத்தாகும் இடங்கள் திரும்பத் திறக்கும். அப்போது பார்த்தால் சீக்கிரமே கிடைக்கும்.

கையெழுத்திடும் முன்பு கம்பெனியிடம் கேட்க வேண்டியவை

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உங்களிடம் 'சரி' வாங்கும் வரைதான் பேரம் பேச இடம் உண்டு. இந்த நான்கையும் அப்போதே கேளுங்கள்.

- முதல் ஒன்றிரண்டு மாதம் பதிவு செய்யக்கூடிய தங்குமிடம் தருவார்களா?
- இடமாற்றச் செலவுக்குத் தொகை உண்டா? வீட்டு டெபாசிட்டுக்கு முன்பணம் கிடைக்குமா?
- வேலை, சம்பளம், ஒப்பந்தக் காலம் மூன்றையும் குறிப்பிட்டு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் தருவார்களா?
- வீடு தேட உதவும் நிறுவனம் எதையாவது ஏற்பாடு செய்வார்களா?

சம்பளத்தில் சிறு உயர்வைக் கேட்பதைவிட முதல் மாதத் தங்குமிடத்தைக் கேட்டு வாங்குவது பல சமயம் லாபம்.

தற்காலிக இடம் எங்கே கிடைக்கும்?

மூன்று வழிகள் உண்டு. ஒன்று, சாமான்களோடு மாத வாடகைக்கு வரும் சிறு அடுக்ககங்கள். வாடகை அதிகம், ஆனால் தொல்லை குறைவு. இரண்டு, 'வேகே' எனப்படும் பகிர்வு வீடு. ஆளுக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பொது. தனியாக வருகிறவர்களுக்கு இது சிக்கனம், மொழியும் பழகும். மூன்று, சில மாதம் வெளியூர் போகிறவர் தன் வீட்டை உள்வாடகைக்கு விடுவது. இதற்கு மூல உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பல்கலைக்கழகப் பருவம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குவதால், அதற்கு முந்தைய வாரங்களில் அறைகளுக்கு நெருக்கடி உச்சத்தில் இருக்கும். வேலையில் சேரும் தேதியை நகர்த்த முடியுமானால் அந்த வாரங்களைத் தவிருங்கள்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

அங்கே 'இரண்டு அறை வீடு' என்றால் ஒரு படுக்கையறை, ஒரு ஹால். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. 'ஒரு அறை வீடு' என்றால் படுப்பதும் இருப்பதும் ஒரே அறையில்.

வாடகை இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். 'கால்ட்மீட்டே' என்பது இடத்துக்கு மட்டுமான வாடகை. 'வார்ம்மீட்டே' என்பது தண்ணீர், குப்பை, கட்டடப் பராமரிப்பு, பெரும்பாலும் வெப்பமூட்டும் செலவு ஆகியவை சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் வழக்கமாக இதற்கு வெளியே. இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது வார்ம்மீட்டேயை வைத்தே ஒப்பிடுங்கள். கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருப்பதையே உரிமையாளர்களும் விரும்புகிறார்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவர்களை அதிகம் திகைக்க வைப்பது சமையலறைதான். ஜெர்மனியில் ஏராளமான வீடுகள் சமையலறைச் சாமான் இல்லாமலே வாடகைக்கு வரும். அடுப்பு, தொட்டி, அலமாரி எதுவும் இருக்காது. தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். விளக்குகளையும் முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஓரிரு ஆண்டு மட்டும் இருக்கப்போகிறீர்கள் என்றால் 'ஐன்பவுகியூஷே', அதாவது பொருத்திய சமையலறை, என்று போட்டிருக்கும் வீட்டையே தேடுங்கள். காலி செய்கிறவர் தன் சமையலறையை விலைக்குத் தர முன்வந்தால், அதன் வயதைக் கேட்டுப் பேரம் பேசுங்கள்.

நகருக்குள் மட்டும் தேடாதீர்கள். மியூனிக்கில் வேலை என்றால் டாகாவ், ஃப்ரைசிங். ஃபிராங்ஃபர்ட் என்றால் ஓஃபன்பாக், டார்ம்ஷ்டாட். பெர்லின் என்றால் போட்ஸ்டாம். மே 2023-இல் வந்த 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதச் சீட்டில் நாடு முழுவதும் நகரப் பேருந்து, மெட்ரோ, வட்டார ரயில்களில் போகலாம். அதனால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், சற்றுத் தூரம் என்பது பெரிய குறை இல்லை.

விண்ணப்பக் கோப்பு

நல்ல வீட்டின் விளம்பரத்துக்குச் சில மணி நேரத்திலேயே நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும். எல்லா ஆவணமும் ஒரே பிடிஎஃப் கோப்பில் தயாராக இருப்பவரே முந்துகிறார். கோப்பில் இருக்க வேண்டியவை:

- வேலை ஒப்பந்தம், கம்பெனியின் ஜெர்மன் கடிதம்
- கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. புதிதாக வந்தவர் கம்பெனிக் கடிதத்தோடு இந்தியச் சம்பளச் சீட்டையும் வைக்கலாம்
- பாஸ்போர்ட், விசா நகல்
- சுயவிவரப் படிவம்
- முந்தைய வீட்டுக்காரர் தந்த, வாடகை பாக்கி இல்லை என்ற சான்று
- 'ஷூஃபா' எனப்படும் கடன் தகுதிச் சான்று

ஷூஃபா நம் ஊர் சிபில் போன்றது. வந்த புதிதில் உங்களைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. அதை மறைக்காமல், 'இப்போதுதான் ஜெர்மனிக்கு வந்தேன். ஷூஃபாவுக்குப் பதிலாகக் கம்பெனிக் கடிதத்தை இணைத்திருக்கிறேன்' என்று எழுதிவிடுங்கள். வங்கிக் கணக்குத் தொடங்கிச் சில வாரம் கழித்துச் சான்று வாங்கலாம். உங்களைப் பற்றிய தரவின் நகலைச் சட்டப்படி இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமையும் உண்டு.

கூடவே ஜெர்மன் மொழியில் ஏழெட்டு வரிகளில் ஓர் அறிமுகம். யார், என்ன வேலை, எத்தனை பேர் குடிவருவீர்கள், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம், புகைபிடிப்பீர்களா, வளர்ப்புப் பிராணி உண்டா. பிறகு குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லுங்கள். ஒருவர் என்று சொல்லி வீடு பிடித்துவிட்டு நான்கு பேர் குடியேறினால் உறவு முதல் மாதமே கெடும்.

வீடு பார்க்க அழைத்தால் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். அன்று மாலையே, வீடு பிடித்திருக்கிறது, விருப்பம் உறுதி என்று செய்தி அனுப்புங்கள்.

மோசடியைக் கண்டுகொள்ள

சந்தை விலையில் பாதி வாடகை, பத்திரிகைப் படம்போல அழகான வீடு, 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி தபாலில் வரும்' என்ற பேச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது மோசடிதான். வீட்டை நேரில் பார்க்காமல், ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் டெபாசிட் அனுப்பாதீர்கள். நீங்கள் இந்தியாவில் இருந்தால் அங்கே இருக்கும் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் நகலையும் வங்கி விவரத்தையும் முதல் செய்தியிலேயே கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது, 'வீட்டு விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆறுதல்: அங்கே டெபாசிட் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டே. அதையும் மூன்று மாதத் தவணைகளில் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. உரிமையாளர் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். 2015 ஜூன் முதல், வாடகை வீட்டுத் தரகருக்கு யார் வேலை கொடுத்தாரோ அவரே கட்டணம் தர வேண்டும். உரிமையாளர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்க முடியாது.

தட்டுப்பாடு உள்ளதாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில், புதிய ஒப்பந்தத்தின் வாடகை அந்தப் பகுதி ஒப்பீட்டு வாடகையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய புதுக் கட்டடங்கள், குறுகிய காலத் தேவைக்கான வாடகை போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. தற்காலிக வீடுகளின் வாடகை எகிறி நிற்பதற்கு இந்த விலக்கும் ஒரு காரணம். அதனால்தான் அதில் தேவைக்கு மேல் ஒரு மாதம்கூடத் தங்கக் கூடாது என்கிறேன்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். வாடகை ஆண்டுதோறும் இவ்வளவு கூடும் என்று முன்பே குறித்திருக்கிறார்களா? விலைவாசிக் குறியீட்டோடு அதை இணைத்திருக்கிறார்களா? இத்தனை காலத்துக்குள் காலி செய்ய முடியாது என்ற விதி இருக்கிறதா? ஓரிரு ஆண்டுக்கு மட்டும் போகிறவருக்கு மூன்றாவதுதான் ஆபத்து. அந்த விதி நான்கு ஆண்டு வரைகூடச் செல்லும். புரியாவிட்டால் வாடகைதாரர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். சிறிய ஆண்டுச் சந்தாவுக்குச் சட்ட ஆலோசனை கிடைக்கும்.

குடிபோன முதல் மாதம்

- சாவி வாங்கும்போதே ஒப்படைப்புப் பதிவு எழுதுங்கள். கீறல், கறை, மீட்டர் அளவு, சாவி எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்து, படம் எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள்.
- தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே பொதுவாகக் கதவு எண் கிடையாது. பெயர் இல்லாவிட்டால் வரி எண்ணும் வங்கி அட்டையும் திரும்பிப் போய்விடும்.
- ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். அது மோசடி அல்ல. டிவி இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம். பகிர்வு வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்.
- தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். வாடகை வீட்டில் கவனக்குறைவால் நேரும் சேதம், பல திட்டங்களில் சாவி தொலைவது வரை அதில் அடங்கும்.
- இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி நேரம். துளையிடுவதும் ஆணி அடிப்பதும் அப்போது வேண்டாம். ஞாயிறு கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமையே பாலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள்.
- குளிர்காலத்திலும் தினமும் சில முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். சாதம் வடிப்பதும் துணி உலர்த்துவதும் வீட்டுக்குள்ளேயே நடப்பதால் சுவரில் பூஞ்சை பிடித்துவிட்டால், டெபாசிட்டில் கழிப்பார்கள்.

காலி செய்யும்போது

சாதாரண ஒப்பந்தத்தில் மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் உரிமையாளர் கையில் சேர்ந்தால் அந்த மாதமும் கணக்கில் வரும். மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்திட்ட காகிதக் கடிதம்தான் செல்லும். நாட்டை விட்டுக் கிளம்பினால், வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து இரண்டு வாரம் பின்பு வரைக்குள் முகவரிப் பதிவை நீக்குங்கள். பராமரிப்புச் செலவுக் கணக்கு முடியும் வரை டெபாசிட்டில் ஒரு பகுதியை உரிமையாளர் சில மாதம் வைத்திருக்க முடியும். அந்தப் பணம் வந்து சேரும் வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.

வீட்டைக் காலி செய்வதென்று முடிவானதும், புதிதாக வரும் ஒருவரை உரிமையாளரிடம் அறிமுகப்படுத்துங்கள். அவரை ஏற்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. ஆனால் ஒழுங்காக வாடகை கட்டிய ஒருவர் சொல்லும் பெயரைப் பல உரிமையாளர்கள் மதிப்பார்கள். 1980-களில் போன ஈழத்தமிழர்கள் முதல் இப்போது கணினி வேலைக்குப் போகிறவர்கள் வரை, அங்கே பலருக்கு முதல் கதவு இப்படித் தெரிந்தவர் சொல்லித்தான் திறந்திருக்கிறது. அடுத்தவருக்கு அந்தக் கதவை நீங்கள் திறந்துவிடுங்கள்.