எது சி, எது டி? ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைப்போருக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் முறையும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் கடை வைத்திருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தலைவலி. புது வேலைக்குப் புது விண்டோஸ் வேண்டும். பல வருடக் கணக்கைச் சுமந்துகொண்டிருக்கும் பழைய மென்பொருளோ பழைய விண்டோஸை விட்டு நகர மாட்டேன் என்கிறது. ரெண்டையும் ஒரே மெஷினில் போட்டுவிடுங்கள் என்று கணினிக் கடைக்காரரிடம் கேட்கத் தோன்றும். போட்டுவிடலாம். எந்த பார்ட்டிஷனுக்கு எந்த எழுத்து என்பதைப் போடுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். பிறகு மாற்றுவது லேசில்லை.

டிரைவ் எழுத்து வட்டில் பதிந்திருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு விண்டோஸும் தன் ரெஜிஸ்ட்ரியில், 'மவுண்டட் டிவைசஸ்' என்ற இடத்தில், இந்த பார்ட்டிஷனுக்கு இந்த எழுத்து என்று தானே குறித்துக்கொள்கிறது. பழைய எம்பிஆர் முறையில் பிரித்த வட்டானால் வட்டின் அடையாள எண்ணையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் பார்க்கும். புதிய ஜிபிடி முறையில் பிரித்த வட்டானால் பார்ட்டிஷனுக்கே உரிய தனி அடையாளத்தைப் பார்க்கும். இரண்டு விண்டோஸ் என்றால் இரண்டு ரெஜிஸ்ட்ரி, இரண்டு பட்டியல். இங்கே சி-யாக இருப்பது அங்கே டி-யாகத் தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை. (ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு உரியவை. 1983-இல் ஐபிஎம் எக்ஸ்டி 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு வந்தபோது அதற்குக் கிடைத்தது சி. ஃபிளாப்பி ஒழிந்தும் ஹார்டு டிஸ்க் இன்னும் முன்வரிசைக்கு வரவில்லை.)

இரண்டு விண்டோஸ்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. பென்டிரைவில் இருந்து கணினியை பூட் செய்து இரண்டாவதை நிறுவுவது ஒன்று. விஸ்டாவில் தொடங்கி இன்றைய விண்டோஸ் 11 வரை, இப்படி நிறுவினால் எது ஓடுகிறதோ அது தன்னை சி என்றே சொல்லிக்கொள்ளும். மற்றது டி-யாகவோ இ-யாகவோ ஒதுங்கும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பைத் தட்டி வேறு பார்ட்டிஷனில் நிறுவுவது இன்னொன்று. விண்டோஸ் 7 காலத்தில் இப்படிச் செய்தால், பழையது அந்த பார்ட்டிஷனை எந்த எழுத்தில் பார்த்ததோ அதையே புதியதும் எடுத்துக்கொள்ளும். எக்ஸ்பி இன்னும் மோசம்: சிடியில் இருந்து பூட் செய்தாலும் அடுத்த எழுத்துக்குத்தான் போகும். மெஷினில் மெமரி கார்டு ரீடர் இருந்தால் அதன் துளைகளே சி, டி, இ என்று பிடித்துக்கொள்ள, விண்டோஸ் எங்கோ ஐ-யில் போய் உட்காரும்.

இரண்டாவது வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எந்த விண்டோஸில் நுழைந்தாலும் டி என்றால் அதே இடம்தான் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் பழைய நிறுவல் நிரல்கள் ஏராளம். டி-யில் இருக்கும் விண்டோஸில் அவற்றை ஓட்டினால் கோப்புகள் பக்கத்து வீட்டுக்குள் போய் விழும். விண்டோஸ் நிறுவிய டிரைவின் எழுத்தைப் பிற்பாடு டிஸ்க் மேனேஜ்மெண்டில் மாற்றவும் விடாது. ஆகவே பென்டிரைவ் வழியே நல்லது. இரண்டு விண்டோஸுக்கு இரண்டு உரிமம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எழுத்து உண்மையிலேயே முக்கியமாகும் இடம் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீஸும் அடிக்கும் இடங்களில் பேஜ்மேக்கர் கோப்புகளும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. விண்டோஸில் யூனிகோடு தமிழ் வந்ததே விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன்பு தட்டியதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. பேஜ்மேக்கர் பக்கத்தில் வைத்த படம் எங்கே இருக்கிறது என்பதை முழுப் பாதையாக நினைவில் வைத்திருக்கும். படக்கோப்பகம் ஒரு விண்டோஸில் டி, மற்றதில் இ என்றிருந்தால் கோப்பைத் திறந்ததும் படம் எங்கே என்று கேட்கும். வேலைக் கோப்புகளுக்குத் தனி பார்ட்டிஷன் பிரித்து, இரண்டு விண்டோஸிலும் டிஸ்க் மேனேஜ்மெண்ட் வழியாக அதற்கு எம் போன்ற தள்ளியிருக்கும் ஓர் எழுத்தைக் கொடுங்கள். பென்டிரைவ் செருகும்போது டி, இ, எஃப் என்றுதான் பிடிக்கும்; எம் வரை வராது. எக்ஸ் வேண்டாம்: விண்டோஸ் எழாதபோது வரும் பழுதுபார்க்கும் திரை அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே டி-யில் ஆயிரம் படங்களுக்கு இணைப்பு இருந்தால் எம்முக்கு மாறாமல் இரண்டிலும் டி-யையே நிலைநிறுத்துவது புத்திசாலித்தனம். புது விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கணினி முழுசாக அணையாது. அந்த நிலையில் மற்ற இயங்குதளம் அதே பார்ட்டிஷனில் எழுதினால் கோப்பு கெடும்.

கணக்கு மென்பொருளை மட்டும் காப்பாற்ற வேண்டிய கடைக்காரருக்கு இத்தனை பாடு தேவையில்லை. புது விண்டோஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளைப் போட்டு அதற்குள் பழைய விண்டோஸை வைத்தால் போதும். உள்ளே அதற்கென்று தனி சி. வெளியே இருக்கும் சி-யோடு உரசலே இல்லை. இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்தால் ஆதரவு முடிந்த விண்டோஸ் என்ற பயமும் பெருமளவு குறையும். விண்டோஸ் 7-ஐ இன்றைய மெஷினில் நேராக ஏற்றுவது கடினம். என்விஎம்இ-க்கும் யூஎஸ்பி 3-க்கும் அதில் டிரைவர் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு மெமரி 16 ஜிபி இருந்தால் வசதி. ஒரே இடைஞ்சல், பழைய பேரலல் போர்ட்டில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். மூன்று பிரதி பில்லை அதில்தான் அடிக்க வேண்டும் என்றால் நேரடி பூட்டே கதி.

யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் விண்டோஸ், லினக்ஸ் ஜோடி. லினக்ஸில் டிரைவ் எழுத்தே இல்லை; எல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாக மவுண்ட் ஆகும், பார்ட்டிஷனை அதன் யூயூஐடி-யால் அடையாளம் காணும். எழுத்துச் சண்டை இல்லாத ஜோடி இதுதான். கடிகாரச் சண்டை உண்டு: லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். பினாங்கில் காலை 10 மணிக்கு விண்டோஸ் அதிகாலை 2 என்று காட்டும். லினக்ஸிடம் உள்ளூர் நேரத்தையே வைக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

காசு இருந்தால் இரண்டு விண்டோஸுக்கும் தனித்தனி எஸ்எஸ்டி. பத்து காவானில் மைக்ரான் ஆலையில் எஸ்எஸ்டி தயாராகும் மாநிலத்தில் இருந்துகொண்டு அதற்குத் தயங்குவானேன்? இரண்டாவதில் நிறுவும்போது முதலாவதைக் கழற்றி வைக்க வேண்டும். மறந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளை முதல் வட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் வைத்துவிடும். பின்னாளில் அந்த வட்டை எடுத்தால் மிச்சமிருப்பதும் எழாது. கழற்றி நிறுவினால் இரண்டும் சி, இரண்டும் சொந்தக் காலில் நிற்கும். பயாஸ் மெனுவில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

எந்த வழியில் போனாலும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் 'பழசு', 'புதுசு', 'வேலை' என்று லேபிள் கொடுங்கள். லேபிள் வட்டிலேயே பதிவாகும், எந்த விண்டோஸில் பார்த்தாலும் மாறாது. பழுதுபார்க்கும் திரைக்குள் போகும்போது எழுத்துகள் மறுபடி இடம் மாறியிருக்கலாம். அங்கே சி என்று தெரிவது உங்கள் சி-யாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஃபார்மட் கட்டளை கொடுக்கும் முன் டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' அடித்து, எழுத்தை விட்டுவிட்டு லேபிளையும் அளவையும் பாருங்கள். விண்டோஸ் 11-இல் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கவும் கூடும். அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகே பார்ட்டிஷனில் கை வைக்கலாம்.