டால்பினும் ஆமையும்

மட்டாஞ்சேரியிலிருந்து கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். அங்கே சீன வலைகள் வரிசையாக நிற்கும். காயல் கடலில் சேரும் இடம் அது.

ஒரு மாலை நேரம். பாட்டியும் பேரனும் கரையில் நிற்கிறார்கள். தண்ணீரில் ஒரு சாம்பல் நிற முதுகு எழுந்தது. புஸ் என்று சத்தம் கேட்டது. முதுகு மறைந்தது.

"பாட்டி! எவ்வளவு பெரிய மீன்!"

"மீன் இல்லடா கண்ணு. அது டால்பின். மூச்சு விட மேலே வருது."

பாட்டி சொன்னது சரிதான். மீன் செவுளால் மூச்சு விடும். டால்பினுக்குச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல் உண்டு. மூக்குத் துளை உச்சந்தலையில் இருக்கிறது. அது குட்டி போடும். பால் கொடுக்கும். பசுவைப் போல அதுவும் பாலூட்டி.

கடல் ஆமை வேறு இனம். பாம்பு, பல்லி, முதலை ஆகியவற்றுக்கு உறவு. ஊர்வன என்பார்கள். நம் கடலில் உள்ள பங்குனி ஆமை சுமார் 40 கிலோ இருக்கும். பெண் ஆமை இரவில் கரை ஏறும். பின் துடுப்பால் மணலில் குழி தோண்டும். சுமார் 100 முட்டை இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பியே பார்க்காது. மணலின் சூட்டில்தான் முட்டை பொரிக்கும். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மணல் அதிகம் சூடானால் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறக்கும்!

டால்பின் தாய் குட்டியை விட்டுப் பிரியாது. ஆமைத் தாய் குஞ்சின் முகத்தையே பார்க்காது. ஆனால் ஆமைக்கும் நுரையீரல்தான். மீன் கரையில் சாகும். இவை இரண்டும் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

இழுவை வலையில் ஆமை தப்ப ஒரு வழி உண்டு. வலைக்குள்ளே ஒரு கம்பிச் சட்டம் வைப்பார்கள். கம்பி இடுக்கில் இறால் நுழைந்து பைக்குள் போகும். ஆமை கம்பியில் முட்டும். பக்கத்துத் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ப இதைச் செய்து காட்டியது. "திறப்பு வழியாக இறாலும் போய்விடுமே" என்று மீனவர்கள் கவலைப்பட்டார்கள். அது நியாயமான கவலைதான். ஆனால் சட்டம் வைக்காததாலும் நட்டம் வந்தது. ஆமைக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, கடலில் பிடித்த இந்திய இறாலை வாங்க அமெரிக்கா 2019-இல் தடை போட்டது.

டால்பின் அதிகம் சிக்குவது செவுள் வலையில். அங்கே இந்தச் சட்டம் உதவாது. உயிரோடு சிக்கினால் வலையை அறுத்துத்தான் விட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி டால்பினையும் கடல் ஆமையையும் பிடிப்பது குற்றம். அறுத்த வலையைத் தைக்க மீனவருக்கு ஒரு நாள் வேலை கெடும்.