தேய்ந்த மரத்தரைக்கு மறுவாழ்வு

சிவப்புக் காவித் தரையிலும், ஆத்தங்குடிக் கல்லிலும், மொசைக்கிலும் தவழ்ந்து வளர்ந்தவர்கள் நாம். மரத்தரை என்றால் நமக்குப் பழக்கமில்லாத விஷயம். ஆனால் உத்தியோக நிமித்தமாக ஷில்லாங், டார்ஜிலிங், சிம்லா போன்ற மலை ஊர்களுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு, பலகைத் தரை போட்ட பழைய வீடுகளில் குடியிருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. அந்தத் தரை கறுத்து, தேய்ந்து, சிராய் கிளம்பும்போது என்ன செய்வது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு தவறுகள் செய்து நான் கற்ற பாடத்தை வாசக அன்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

2018-இல் மாற்றலாகி ஷில்லாங் வந்தபோது எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது பழைய ‘அஸ்ஸாம் மாடல்’ வீடு. 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் இந்த ஊரின் கல் கட்டடங்கள் ஏறக்குறைய அனைத்தும் தரைமட்டமாயின. அதன் பிறகுதான் மரச்சட்டம், நாணல் தட்டியின் மேல் பூச்சுச் சுவர், தகரக் கூரை, தரையிலிருந்து உயர்த்திப் போட்ட பலகைத் தளம் என்று இலேசான வீடுகள் இங்கே பரவலாகக் கட்டப்பட்டன. எங்கள் வீட்டுக்காரம்மாள் காசி இனத்தைச் சேர்ந்தவர். காசி மக்களிடையே பூர்வீக வீடு கடைசிப் பெண்ணுக்குச் சேரும். அப்படித் தாய்வழியாக அவருக்கு வந்த வீடு இது.

மறு வருஷம், பிள்ளை பெற்ற எங்கள் மகள் ஏழு மாதக் குழந்தையுடன் வருவதாகக் கடிதம் போட்டாள். தவழும் குழந்தைக்கு இந்தத் தரை ஆகுமா என்று என் மனைவி கவலைப்பட்டாள். வீட்டுக்காரம்மாளிடம் சொன்னோம். “பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டு சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டிவிடுகிறேன், அல்லது மேலே வினைல் விரிப்பு ஒட்டிவிடலாம்” என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அவருடைய அம்மா மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்த தரை அது. “காங், எனக்கு மூன்று வாரம் கொடுங்கள்” என்று கேட்டுக் கொண்டேன். (‘காங்’ என்பது காசி மொழியில் மூத்த பெண்மணியை மரியாதையாக அழைக்கும் சொல்.) வினைல் விரிப்பு வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொன்னேன். மழை அதிகமுள்ள ஊரில் பலகைக்குக் கீழிருந்து ஏறும் ஈரம் மேலே வெளியேற வழியின்றி நின்றுவிடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பலகை உளுத்துவிடும்.

முதல் பாடம்: மரத்தை அறிதல்

அகன்ற இலை மரங்களைத் தாவர இயலார் வன்மரம் என்பர். தேக்கு, சாலம் முதலியவை இவ்வகை. தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரம். இது மரத்தின் இனத்தைக் குறிக்கும் பெயர். கடினத்தை அளந்து வைத்த பெயர் அன்று. பொம்மை விமானம் செய்யும் பால்சா மிக மிருதுவானது. ஆனாலும் அது வன்மர வகைதான். சிம்லா வீடுகளில் பெரும்பாலும் தேவதாரு. அதை அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். எங்கள் வீட்டில் இருந்தது சால மரம். குங்கிலியம் தருவதும், ஒரு காலத்தில் ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் கட்டையாகப் போடப்பட்டதும் இதுதான். நல்ல கனம், நல்ல கடினம். தேக்காக இருந்தால் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூச்சுப் பூசுமுன் தின்னர் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பூச்சு சரியாகப் பிடிக்காது, காயவும் தாமதமாகும்.

இரண்டாம் பாடம்: நோயை அறிந்து மருந்து

தரை கறுத்துவிட்டது என்றதும் இயந்திரத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. முதலில் ஒரு சிறு சோதனை. ஆட்கள் அதிகம் நடக்கும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்தும் முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு உயிரோடு இருக்கிறது. அழுக்கை நீக்கினால் போதும். மெதுவாக உள்ளே இறங்கினால் பூச்சு மெலிந்திருக்கிறது. உடனே உறிஞ்சப்பட்டுப் பலகை கறுத்தால் பூச்சே இல்லை என்று அர்த்தம்.

அடுத்து, பழைய பூச்சு எது என்று அறிய வேண்டும். மூலையில், கண்ணில் படாத இடத்தில், டர்பெண்டைன் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்தால் பழுப்பாக மசிந்து வருவது மெழுகு. ஸ்பிரிட் பட்டு இளகி ஒட்டினால் அது அவலரக்கு, அதாவது நம் ஆசாரிகள் அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ். எதற்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன் வகையாக இருக்கும். மெழுகின் மீது வேறு எந்தப் பூச்சும் நிற்காது என்பதால் இந்தச் சோதனை முக்கியம்.

இதன்படி சிகிச்சை மூன்று வகை. பூச்சு நன்றாக இருந்தால் சுத்தம் செய்து விடலாம். பூச்சு மங்கி, மரம் வெளித் தெரியாமல் இருந்தால் 150 எண் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, மேலே ஒரு கோட் கொடுக்கலாம். இது இரண்டு நாள் வேலை. மரமே வெளியே வந்து நைந்திருந்தால்தான் முழுவதும் இழைத்துப் புதிதாகப் பூச வேண்டும். எங்கள் கூடத்துக்கு மூன்றாவது வைத்தியம்தான் தேவைப்பட்டது.

காலமும் கவனிக்க வேண்டும். ஷில்லாங்கில் மழை ஓயுமுன் தொடங்கினால் பலகை ஈரத்தில் ஊதியிருக்கும். ஜனவரிக் குளிரில் பூச்சு காயாது. 10 டிகிரிக்குக் கீழே பூசக் கூடாது என்றே பல டப்பாக்களில் அச்சிட்டிருக்கும். ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில் தொடங்கினேன்.

மூன்றாம் பாடம்: பழைய பெயிண்ட்டில் ஈயம்

கூடத்தின் நடுவே கம்பளம் விரித்து, சுற்றிலும் ஓரப் பலகைக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது பழைய வழக்கம். எங்கள் கூடத்திலும் அப்படி ஒரு பச்சை விளிம்பு இருந்தது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் வயதில்தான் ஆபத்து அதிகம்.

எனவே பழைய பெயிண்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தீயால் வாட்டவும் கூடாது. நான் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டே சுரண்டினேன். சுரண்டியதைப் பையில் கட்டி அகற்றி, ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். என்95 முகமூடி அணிந்தேன். வேலை முழுதும் முடிந்து ஒரு மாதம் ஆன பிறகே மகளை வரச் சொன்னோம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த வேலை நடக்கும் வீட்டில் இருக்கவே கூடாது.

நான்காம் பாடம்: இழைத்தல்

முதலில் தரையில் முட்டிபோட்டு ஒவ்வொரு ஆணியாகப் பாருங்கள். துருத்தி நிற்கும் தலைகளைச் சுத்தியலும் ஆணிப் பொறியும் கொண்டு பலகைக்குள் சிறிது இறக்க வேண்டும்; இல்லாவிட்டால் உப்புத்தாள் கிழியும். ஆடும் பலகைகளைக் கீழேயுள்ள சட்டத்தோடு திருகாணியால் இறுக்க வேண்டும். கதவு நிலைக்கு அருகில் பலகையின் கனத்தையும் பாருங்கள். ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாகப் பொருந்திய பலகையானால், நாக்குக்கு மேலே உள்ள மரம் மட்டுமே இழைப்பதற்கு மிச்சம். அது மெலிந்துபோன தரையை இயந்திரத்தால் தொடாதீர்கள்.

என் முதல் தவறு இங்கேதான். அவசரத்தில், மரத்தரையில் பழக்கமில்லாத ஓர் ஆளை பெல்ட் சாண்டர் இயந்திரத்தோடு அழைத்து வந்தேன். அவர் ஓடும் இயந்திரத்தை ஒரே இடத்தில் சில விநாடி நிறுத்திவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம்! இன்றும் ஜன்னலோரம் வெயில் விழும்போது அது தெரிகிறது. இயந்திரம் நகர்ந்துகொண்டே தரையைத் தொட வேண்டும். நகர்ந்துகொண்டே தரையைவிட்டு எழ வேண்டும். இதுவே விதி. அவரை அனுப்பிவிட்டு மீதியை நானே நிதானமாகச் செய்தேன்.

உப்புத்தாள் வரிசை: 40, பிறகு 60, பிறகு 80, கடைசியில் 100. அதிகம் தேயாத தரையானால் 60-இல் தொடங்கலாம். எண்ணைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் அழிக்க வேண்டும். எப்போதும் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல், பூச்சுப் போட்ட பிறகு பன்மடங்காகத் தெரியும். மூலை முடுக்குகளைக் கட்டையில் சுற்றிய தாளால் கையாலேயே தேய்க்க வேண்டும்.

ஆணித் துளைகளை, இழைத்த தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம். பலகை இடுக்குகளை மட்டும் கெட்டியாக அடைக்காதீர்கள். உலர்ந்த காலத்தில் பலகை சுருங்கி இடுக்கு விரியும். மழைக்காலத்தில் ஊதி மூடிக்கொள்ளும். இடையே வைத்த மாவு நொறுங்கி வெளியே வந்துவிடும்.

ஐந்தாம் பாடம்: பூச்சும் நெருப்பும்

பூச்சில் நான்கு வகை உண்டு. மெழுகு அழகானது; ஆனால் அடிக்கடி போட வேண்டும். அவலரக்கு நம் நாட்டுச் சரக்கு. அரக்கை ஆராயவென்றே ராஞ்சி அருகே நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் தண்ணீர் நின்றால் அது வெளுத்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறி நல்ல நிறம் தரும். பாலியூரித்தேன் மேலே படலமாக நின்று தண்ணீரையும் தேய்மானத்தையும் தாங்கும். குழந்தை நடமாடும் கூடத்துக்குப் பாலியூரித்தேனும், வெறும் வராந்தாவுக்கு ஆளிவிதை எண்ணெயும் என்று முடிவு செய்தேன்.

என் இரண்டாவது தவறு வராந்தாவில். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு கூடையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சிறிது நேரத்தில் என் மனைவி, “என்னங்க, இதைத் தொட்டுப் பாருங்க” என்றாள். கூடை சுட்டது, கரிந்த வாடை வேறு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடித்தான் காய்கிறது. அப்போது உஷ்ணம் பிறக்கும். விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று இப்படி எண்ணெய்த் துணியிலிருந்து தீப்பிடித்து, தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். எங்கள் வீடோ முழுக்க மரம்! எண்ணெய்த் துணியை வெளியே தனித்தனியாக விரித்து உலர்த்துங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகரத்தில் அமிழ்த்துங்கள். இழைத்த தூளையும் மூட்டையாகக் கட்டி இரவு வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

கூடம் 12-க்கு 14 அடி. பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டுப் பூசத் தொடங்கினேன். கதவுக்கு எதிர்மூலையில் ஆரம்பித்து கதவை நோக்கிப் பின்வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நாமே மூலையில் சிறைப்படுவோம். டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி விழும். குச்சியால் மெல்லக் கலக்க வேண்டும். மெல்லிய கோட்டாக மூன்று முறை. எண்ணெய் வகையானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி; நடுவில் 220 தாளால் இலேசாகத் தடவித் தூசியைத் துடைக்க வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் அணைந்திருக்கட்டும். ஒரு நாளில் காலுறையோடு நடக்கலாம். ஆனால் முழுப் பலம் வர ஒரு மாதம் ஆகும். அதுவரை கம்பளம் விரிக்க வேண்டாம்.

ஆறாம் பாடம்: பராமரிப்பு

வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் நம் வழக்கம் மரத்தரைக்கு ஆகாது. தினம் மென்மையான துடைப்பத்தால் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். குத்துவிளக்கின் கீழ் தாம்பாளமும், கிரைண்டரின் கீழ் தட்டும் வையுங்கள். மாக்கோலத்தைப் பலகையில் போடாமல் வாசற்படிக் கல்லில் போடுங்கள். செருப்பை வாசலில் விடும் நம் பழக்கமே இந்தத் தரைக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம். தரையைத் தேய்ப்பது காலில் ஒட்டி வரும் மணல்தான்.

டிசம்பரில் மகள் வந்தாள். பேரன் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தவழ்ந்து போனான்; முழங்காலில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்காரம்மாள் வந்து, குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். டைல்ஸ் பேச்சு அதோடு நின்றது. மறு வருஷம் தம் பகுதியிலும் ஒரு அறையை இழைக்க வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார். 2024-இல் கூடத்துக்கு ஒரு கோட் மட்டும் கொடுத்தோம், இயந்திரம் தேவைப்படவில்லை.

அன்பர்களே, வாடகை வீடுதானே என்று எண்ண வேண்டாம். நாம் மாற்றலாகிப் போய்விடுவோம். தரை அங்கேயேதான் இருக்கும். பெயர்த்து எறியுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சோதித்துப் பாருங்கள்.