வளரும் பிள்ளைகளின் மனம்: புத்தி சொல்வதற்கு முன்



முன்பொரு நாள் ஒரு வாப்பா தம் மகனை நம் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான், பகல்ல படுத்தே கிடக்கான். யாரோடயும் பேசுறதில்ல. நீங்க கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார். நாமும் சொன்னோம். தொழுகையில் பேணுதல் இல்லை, கையில் எந்நேரமும் செல்போன், பிறகு மனம் எப்படி நிம்மதியாக இருக்கும் என்று கால் மணி நேரம் பேசினோம். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அவனிடம் நாம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, தன் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று அவன் மருத்துவமனையில் கிடந்தபோதுதான் அது நமக்கு உறைத்தது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான், சிகிச்சை பெற்று இன்று கல்லூரிக்குப் போகிறான். அவனும் வீட்டாரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம்.

மனம் சோர்ந்த பிள்ளையிடம் "உனக்கு ஈமான் பத்தாது" என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. யஅகூப் நபி (அலை) அவர்கள் மகன் யூசுப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்தியதைக் குர்ஆன் கூறுகிறது. ஒரு நபிக்கு ஈமான் குறைந்ததென்று யாராவது சொல்வோமா? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் அதிகம் ஓதியதாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் மனநலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் பேசிய விஷயத்தை இன்று நாம் ஏனோ மூடி வைக்கிறோம்.

பரீட்சைக்கு முன் இரண்டு நாள் வாட்டமாக இருப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, விருப்பமான விளையாட்டும் கசந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தால் கவனிக்க வேண்டும். நாம் திமிர் என்றோ சோம்பல் என்றோ நினைப்பது பல நேரம் மனச்சோர்வாக இருக்கும். சில பிள்ளைகளுக்கு அது தீராத தலைவலியாக, வயிற்றுவலியாக வரும்.

பக்கத்தில் உட்காருங்கள், கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்று சொன்னால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஓதுங்கள், மருத்துவரிடமும் போங்கள். நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபியவர்களே. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் தெளிவில்லை என்று நிறுத்தக் கூடாது, தெளிந்ததும் நாமாக நிறுத்தவும் கூடாது. "பெண்பிள்ளை, வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை அமையுமா" என்று கேட்கும் உம்மாமார்களின் பயம் நமக்குப் புரிகிறது. அந்தப் பயத்தில் காலம் கடத்தினால் நோய்தான் முற்றும்.

தம்பி தங்கைகளே, உங்கள் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவில் செல்போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். வாப்பாவிடம் சொல்ல முடியாததை ராத்தாவிடமோ மாமாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். யாரிடமும் சொல்ல முடியவில்லையா? 14416 என்ற அரசின் டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவமனைக்குத் துணை வர ஆள் வேண்டுமென்றால் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். எதற்காகப் போகிறோம் என்று பதிவேட்டில் எழுதமாட்டோம்.