சகம் 556: ஒரு யாண்டும் பல கணக்கும்

நாயன்மார் காலத்தை ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது யாண்டுக் கணக்குக்களின் இயல்பறிவாம். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு நூலில் 633 என்றும், பிறிதொன்றில் 634 என்றும், மற்றொன்றில் 635 என்றும் யாண்டு குறிக்கப்படுதலைக் கண்டு, ஆராய்ச்சியாளர் தம்முள் மாறுபட்டனர் என மயங்குவாரும், ஆராய்ச்சியே பயனற்றதென இகழ்வாரும் உளர். அம்மயக்கம் நீங்கும்பொருட்டு, சமயகுரவர் காலத்தோடு தொடர்புடைய ஒரு யாண்டினை எடுத்துக்கொண்டு, அது பல கணக்குக்களில் எங்ஙனம் நிற்கின்றது என்பதை ஈண்டு விளக்குவாம்.

கருநாடக நாட்டு ஐகோளே என்னும் ஊரில், மேகுடி எனப்படும் சமணக் கோயிலில், வடமொழிச் செய்யுட்களாலாகிய கல்வெட்டொன்று உளது. மேலைச் சளுக்கிய வேந்தனாகிய இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் இயற்றியது அது. பல்லவ வேந்தனைக் காஞ்சி மதிலினுள் ஒடுங்கச் செய்ததும், காவிரியைக் கடந்ததும் அவ்வேந்தன் வெற்றிகளாக அதனுட் கூறப்படும். கோயில் எடுத்த யாண்டினை அப்புலவர் இருவகையாற் குறித்தனர். பாரதப் போரின்பின் 3735 யாண்டுகளும், சக மன்னர் யாண்டுகளில் 556 யாண்டுகளும் கழிந்தன என்பது அவர் கூற்று. இதன்கண் அறியற்பாலன மூன்று.

முதலாவது, அவ்விரண்டு எண்களும் ஒன்றற்கொன்று சான்றாதல். பஞ்சாங்கத்தார் கொள்ளும் கலியாண்டு கி.மு. 3102-இல் தொடங்குவது. அதற்கும் சகயாண்டிற்கும் உள்ள வேறுபாடு எஞ்ஞான்றும் 3179 ஆகும். 3735-இல் 556-ஐக் கழிப்பின் எஞ்சுவதும் அதுவே. ஆகலின், பாரதப் போர் தொட்டு எண்ணியதாகப் புலவர் கூறினும், அவர் கொண்டது கலிக்கணக்கே என்பது பெறப்படும். போர் நிகழ்ந்து முப்பத்தாறாம் யாண்டிற் கண்ணன் மறைந்தனன் என்று பாரதமும், அம்மறைவோடு கலி புகுந்தது என்று புராணங்களும் கூறும். அம்முப்பத்தாறினையும் புலவர் கூட்டியிருப்பின் அவர் எண் 3771 ஆகியிருத்தல் வேண்டும். அங்ஙனம் இன்மையின், போரின் முடிவையும் கலியின் பிறப்பையும் அவர் ஒன்றாகவே கொண்டனர் என்க.

இரண்டாவது, கழிந்த யாண்டு, நடக்கும் யாண்டு என்னும் வேற்றுமை. ஐம்பது வயது நிரம்பியவனுக்கு நடப்பது ஐம்பத்தோராம் வயதாதல் போல, 556 கழிந்தவழி நடப்பது 557-ஆம் யாண்டாம். இதனை நோக்காது 556 என்பதையே நடக்கும் யாண்டாகக் கொள்வார்க்குக் கி.பி. 633–34 என ஓராண்டு பின்தங்கும். புலவர் ‘கழிந்தன’ என்றே கூறுதலின், 634–35 என்பதே பொருந்துவதாம்.

மூன்றாவது, யாண்டின் தொடக்கம். நம் யாண்டு சனவரியிற் பிறப்பதன்று. இக்காலத்து ஏப்பிரல் 14-ஐ ஒட்டி வரும் மேடப் பிறப்பு, அக்காலத்தில் மார்ச்சு மாதத்தே நிகழ்ந்தது. சந்திரமானத்தார் யாண்டு சைத்திர மாதத்து வளர்பிறை முதனாளிற் பிறக்கும். ஆதலின் நம் ஓர் யாண்டு கிறித்துவ யாண்டுகள் இரண்டனுள்ளும் பகுதிப்பட்டுக் கிடக்கும். மாதமறியாதவழி 634 என்றோ 635 என்றோ ஒன்றனையே துணிந்தெழுதுதல் வழுவாம்.

இனி, அவ்யாண்டே பிற கணக்குக்களில் நிற்குமாறு காண்பாம். சகத்தோடு 135 கூட்ட விக்கிரம யாண்டு 691 கழிந்ததாகும். சீன நாட்டில் கி.பி. 634 என்பது, தாங் மரபுத் தைசோங் பேரரசனுக்குரிய செங்குவான் என்னும் ஆட்சிப் பெயரின் எட்டாம் யாண்டு. இசுலாமியர் கணக்கின் 13-ஆம் யாண்டு 634 மார்ச்சு மாதத்திற் பிறந்தது. ஆயினும் அக்கணக்கு உமர் கலீபா காலத்தில், 638-ஐ ஒட்டியே ஏற்படுத்தப்பட்டமையின், அவ்யாண்டில் வாழ்ந்தோர் அதனைப் பதின்மூன்று என எண்ணினாரல்லர். கிறித்துவ யாண்டுக் கணக்கு 525-இல் தயோனீசியர் என்னும் துறவியால் வகுக்கப்பட்டும், 731-இல் பீட் என்னும் துறவி தம் நூலில் ஆண்ட பின்னரே பெருவழக்கிற்று. கொல்லம் யாண்டு பிறந்ததோ 825-இல். அறுபது யாண்டுச் சுழற்சியில் இக்காலத் தென்னாட்டு முறையைப் பின்னோக்கிக் கொண்டுசெல்லின் அவ்யாண்டு ‘சய’ என வரும்; ஆயின் வியாழனின் இயக்கத்தையொட்டி இடையிடையே ஒரு பெயரை விடுத்து எண்ணும் முறை அக்காலத்து வழங்கினமையின், அப்பெயரை அவ்யாண்டிற்குத் துணிந்து கூறலாகாது.

பல்லவ வேந்தரோ தம் ஆட்சியாண்டினையே பொறித்தனர். வாதாபியிற் காணப்படும் சிதைந்த கல்வெட்டொன்று முதல் நரசிங்கவர்மனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டினது என்பர். ‘பதின்மூன்று’ என்னும் எண் தனித்து நின்று யாதும் உணர்த்தாது. 634–35-இற் புலிகேசி வெற்றியோடு விளங்கினமை ஐகோளேயால் அறியப்படுதலின், வாதாபி வீழ்ந்தது அதன் பின்னரே என்னும் வரம்பு கிடைக்கின்றது. அவ்வரம்பினுள் நின்றே ஆராய்ச்சியாளர் அவ்வீழ்ச்சியை 642 என மதித்தனர். பரஞ்சோதியார் வாதாபியை அழித்து, பின்னர்ச் சிறுத்தொண்டராய்த் திருச்செங்காட்டங்குடியில் வாழ்ந்தனர் என்று பெரியபுராணம் கூறும். அத்தலத்துப் பதிகத்துள் திருஞானசம்பந்தர் அவரைப் பெயர் சுட்டிப் பாடியிருத்தலின், சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டின் இடைப்பகுதி என்பது பெறப்படுகின்றது. சமணப் புலவர் ஒருவர் சமணக் கோயிலிற் பொறித்த எண் சைவ சமயகுரவர் காலத்திற்கு அரணாதல் காண்க.

அற்றேல், அடியார்க்கு யாண்டு வரையறுத்தல் அவர்தம் பெருமையைக் குறைப்பதன்றோ எனின், அன்று. சிறுத்தொண்டர்க்குச் சித்திரைப் பரணி, அப்பர்க்குச் சித்திரைச் சதயம், சம்பந்தர்க்கு வைகாசி மூலம் எனத் திங்களும் நாளுமே குருபூசைக்கு நம் முன்னோராற் போற்றப்பட்டன, யாண்டு போற்றப்பட்டிலது. வழிபாட்டிற்கு வேண்டுவது நாளேயாகலின் அது குறைவுமன்று. வரலாறு எழுதுவார்க்கே யாண்டு வேண்டப்படும். எழுதுங்கால் பெருமை கருதி யாண்டினை மேலேற்றுதலும், பிறர் கூறினர் எனக் கீழிறக்குதலும் ஒப்பக் குற்றமாம். மடங்களினின்று நூல் வெளியிடுவோர் யாண்டு குறிக்குங்கால், எக்கணக்கு என்பதையும், கழிந்ததோ நடப்பதோ என்பதையும் உடன் குறித்தலும், சான்று இடைவெளியையே தருமிடத்து இடைவெளியாகவே எழுதுதலும் கடனாகக் கொள்வாராக.

காலம் அசுத்த மாயையினின்று தோன்றும் வித்தியா தத்துவம் ஏழனுள் ஒன்று என்பதும், இறப்பு நிகழ்வு எதிர்வு என மூவகைப்பட்டு உயிரின் வினைநுகர்ச்சியை வரையறுப்பது என்பதும் சித்தாந்த நூல்களின் துணிபு. எண்கள் அத்தத்துவத்தினுள் நாம் இட்டுக்கொண்ட குறிகளேயாம். காலங்கடந்த பொருளை அடைந்த அடியாரை அக்குறிகள் எல்லைப்படுத்தா. அவர் நடந்த நிலத்தையும் வாழ்ந்த நாளையும் நமக்குப் பொய்யின்றி உணர்த்துதலே அவற்றின் பயன் என்க.